மாடி எடுக்கும் முன் வெயிலைக் கணக்கில் எடுங்கள்

செங்கல்பட்டுப் பக்கம் மொட்டை மாடிக்கு நேர் கீழே படுத்து உறங்குகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சித்திரை, வைகாசியில் பகல் இரண்டு மணியைவிட இரவு ஒன்பது மணிதான் கொடுமை. வெயில் இறங்கி, கடற்காற்று வந்து, தெருவே ஆறிப்போன பிறகும் தளம் மட்டும் ஆறாது. மின்விசிறியைப் போட்டால் அனல்தான் இறங்கும். காலையிலிருந்து குடித்த வெயிலைக் காங்கிரீட் அப்போதுதான் அறைக்குள் விட ஆரம்பிக்கிறது.

இப்படிப்பட்ட வீடுகளில்தான் அடுத்தடுத்து வேலை நடக்கிறது. மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி. பெற்றோர் வந்து தங்கப் பின்பக்கம் ஓர் அறை. மழையில் ஒழுகினால் தளத்துக்கு மராமத்து. கறையான் அரித்த மர ஜன்னலை எடுத்துவிட்டு யூபிவிசி ஜன்னல். கம்பி, சிமென்ட், எம்-சாண்டு, மேஸ்திரி கூலி எல்லாம் கணக்கு நோட்டில் ஏறும். வெயில் மட்டும் ஏறாது. அடுத்த முப்பது ஆண்டுக்கு அந்தக் குடும்பம் கட்டப்போகும் கரண்ட் பில்லைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு இந்த வேலைக்கு உண்டு. ஆகவே சட்டம் என்ன கேட்கிறது, எந்த ஊரில் எந்த அனுமதி வேண்டும், எந்தச் செலவு முதலில் என்ற மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

சட்டம் எதுவரை வருகிறது?

இந்தியாவில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. அதை நடத்த எரிசக்தித் திறன் செயலகம் 2002-ல் அமைந்தது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திர முத்திரை ஒட்டுகிற அதே அமைப்புதான். கட்டடங்களுக்கான முதல் விதித்தொகுப்பை அது 2007-ல் வெளியிட்டு, 2017-ல் திருத்தியது. ஆனால் அது அலுவலகம், ஓட்டல், மருத்துவமனை போன்ற வணிகக் கட்டடங்களுக்கானது.

வீடுகளின் முறை 2018 டிசம்பரில்தான் வந்தது. ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று அதற்குப் பெயர். சுவர், கூரை, ஜன்னல் ஆகியவற்றுக்கு என்ன தரம் வேண்டும் என்று அதன் முதல் பாகம் சொன்னது. 2021-ல் விளக்கு, லிஃப்ட், மோட்டார், சூரிய மின்சாரம் முதலியவையும் சேர்ந்தன. 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளில் எழும் குடியிருப்புகளை மனத்தில் வைத்து 2018 தொகுப்பு எழுதப்பட்டது. நம் கணக்கில் அது இரண்டேகால் கிரவுண்டுக்கு ஒட்டி வரும். அதாவது பெரும்பாலும் அடுக்குமாடி மனைகள். 2022-ல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, குடியிருப்புக் கட்டடங்களையும் தன் வரம்புக்குள் சேர்த்தது. அதன் எல்லை 100 கிலோவாட் மின் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை. மாநில அரசு விரும்பினால் இந்த எல்லையைக் குறைக்கலாம். சாதாரண வீட்டின் இணைப்புச் சுமையோ நான்கைந்து கிலோவாட்.

ஆக, ஒன்றரை கிரவுண்டு வீட்டின் மேல் மாடி எடுக்கிறவரை வெப்பத்தைக் காட்டி யாரும் தடுக்கப்போவதில்லை. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே வீட்டைக் கொஞ்சம் நீட்டினாலே புதிய சுவர், கூரை, ஜன்னல் ஒவ்வொன்றும் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம் என்று விதி இருக்கிறது. 2022 ஜூன் 15 முதல் அந்த அளவுகளை இன்னும் இறுக்கிவிட்டார்கள். பழைய கூரையில் பாதிக்கு மேல் பிரித்துப் போட்டால், அந்தக் கூரைக்கே வெப்பத்தடுப்பு சேர்த்தாக வேண்டும். அவர்கள் கவலை குளிர். நம் கவலை வெயில். ஆனாலும் அந்த விதிக்கு உள்ளே இருக்கும் யோசனை நமக்கும் அப்படியே பொருந்தும்: எப்படியும் பிரிக்கப்போகிற நேரத்தில் சரிசெய்தால் செலவு சொற்பம், முடித்துப் பூசிய பிறகு சரிசெய்ய நினைத்தால் மறுபடியும் உடைக்க வேண்டும்.

நம் வீட்டுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அளவுகோல் இருக்கிறது. எகோ நிவாஸ் சம்ஹிதா நாட்டை ஐந்து தட்பவெப்பப் பகுதிகளாகப் பிரிக்கிறது. நம் கடற்கரை ‘வெம்மையும் ஈரமும்’ கொண்ட பகுதியில் வருகிறது. அதற்குச் சொன்ன மூன்று எண்களை நினைவில் வையுங்கள். கூரைக்கு 1.2. சுவரும் ஜன்னலும் சேர்ந்து 15. திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு. இவற்றின் பொருளைப் பின்னால் பார்ப்போம். முதலில் அனுமதி.

எந்த ஊர், எந்த அனுமதி?

மாடி எடுப்பதற்கும் அறை சேர்ப்பதற்கும் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் அடிப்படை. பக்கவாட்டில் விட வேண்டிய இடம், உயரம், மழைநீர்ச் சேகரிப்பு எல்லாம் அதில் வரும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர்களுக்கு, 2024 ஜூலையில் சுயசான்று முறையில் இணையவழி உடனடி அனுமதி வந்தது. ஏற்கெனவே இருக்கும் வீட்டின் மேல் எழுப்புகிறவர்கள், பழைய வரைபட அனுமதியையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்தில் பேசிவிட்டுத் தொடங்குவதே பத்திரம். பழைய அஸ்திவாரம் இன்னொரு மாடியின் எடையைத் தாங்குமா என்பதைப் பொறியாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாமல்லபுரத்தில் இன்னும் ஒரு கதவைத் தட்டியாக வேண்டும். 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களான கோயில்களும் குடைவரைகளும் ஊரெங்கும் பரவிக் கிடக்கின்றன. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டபின், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. சின்னங்கள் அருகருகே இருப்பதால் இந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இருக்கிற வீட்டை உயரவாக்கிலோ பக்கவாட்டிலோ நீட்டுவதையும் அந்தச் சட்டம் ‘கட்டுமானம்’ என்றே கொள்கிறது. எனவே 100 மீட்டருக்குள் மாடி எடுக்க முடியாது. ஆனால் 1992 ஜூன் 16-க்கு முன்பே அங்கே இருந்த வீட்டின் சொந்தக்காரர், தகுதியுள்ள அலுவலரிடம் விண்ணப்பித்து அனுமதி பெற்று மராமத்தும் புதுப்பிப்பும் செய்துகொள்ளலாம். அடுத்த 200 மீட்டரில் புதிதாகக் கட்டவும் பழையதைப் பழுது பார்க்கவும் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் வழியே அனுமதி வேண்டும். ஆகவே அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு வீட்டைப் பெரிதாக்க வழியில்லை. குளிர்ச்சியாக்க வழி இருக்கிறது. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி அவருக்குத்தான் அதிகம் உதவும்.

கடலோரக் குப்பங்களுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை மனைகளுக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பொருந்தும். 2011 அறிவிக்கை, ஊர்ப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டரை வளர்ச்சித் தடைப் பகுதி ஆக்கியது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களுக்கு அதை 50 மீட்டராக 2019 அறிவிக்கை குறைத்தது. தடைப் பகுதிக்குள் முறைப்படி கட்டிய பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம். தரைப்பரப்பையும் தளப்பரப்பையும் கூட்டக் கூடாது. இங்கும் அதே நிலைதான்: நீட்ட முடியாது, சீராக்க முடியும்.

முதல் செலவு தளத்துக்கு

மாமல்லபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். கத்திரி வெயில் நாட்களில் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. அதனால் வீட்டின் எந்தச் சுவரையும்விட மொட்டை மாடிதான் அதிக வெயிலை வாங்குகிறது.

கூரைக்கான 1.2 என்ற எண்ணின் பொருள் இதுதான். தளத்தின் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது. வெறும் காங்கிரீட் தளத்தைக் கணக்கிட்டால் 3-ஐத் தாண்டுகிறது. நம் ஊர் வழக்கப்படி அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தால் குறையும். ஆனாலும் 2-க்குக் கீழே வருவது அரிது. தளத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் 30 மில்லிமீட்டர் அளவுக்கு அடர்த்தியான வெப்பத்தடுப்புப் பலகை வைத்தால் 1.2-க்குள் வந்துவிடும். தெர்மாகோல் இனத்தைச் சேர்ந்த, ஆனால் மிதித்தாலும் அமுங்காத பலகைகள் இதற்கென்றே கிடைக்கின்றன. ஒழுகலுக்காகப் பழைய ஓட்டைப் பெயர்த்து எடுக்கும் நாள்தான் இதற்கு நல்ல நாள். கூலி எப்படியும் கொடுக்கப் போகிறீர்கள். கூடுதல் செலவு பலகைக்கு மட்டும்தான்.

பலகையை அறைக்குள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வைத்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். வெளியே வைப்பதே மேல். வெளியே வைத்தால் தளமே சூடாவதில்லை. காங்கிரீட் விரிந்து சுருங்கி விரிசல் விடுவதும் குறையும். உள்ளே வைத்தால் தளம் கொதித்துக்கொண்டே இருக்கும், அறையின் உயரமும் போகும்.

அவ்வளவு செலவுக்கு இடமில்லாதவர்களுக்கு வெள்ளைப் பூச்சு. பழுப்பேறிய காங்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையாவது உறிஞ்சிக்கொள்ளும். புதிய வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு, மழையில் கரைவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். கூரைக்கென்றே வரும் வெள்ளைப் பெயின்ட் சில ஆண்டு தாங்கும். கடலோரத்தில் உப்பும் புழுதியும் படிந்து வெண்மை மங்கும். மாசியில் ஒருமுறை தளத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டால் கோடைக்கு அது தயார். தென் மாநிலங்களில் ஒன்றான தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது என்பதிலிருந்து இதன் அருமை தெரியும்.

மொட்டை மாடியில் தகர ஷெட் போடுவதும் தளத்துக்கு நிழல் தரும். பக்கங்கள் திறந்து காற்று ஓட வேண்டும். ஆனால் அதற்கும் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காற்றுக்கு அஞ்சிக் கட்டுங்கள். மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையேறியது. அந்தக் கரையில் தளர்ந்த தகடு ஒவ்வொன்றும் பறக்கும் கத்தி.

அடுத்தது மேற்கு

எகோ நிவாஸ் சம்ஹிதா ஒவ்வொரு திசைக்கும் ஓர் எடை கொடுக்கிறது. நம்மைப் போன்ற தென்பகுதிக்கு வடக்குச் சுவருக்கு 0.659, தெற்குக்கு 0.966, கிழக்குக்கு 1.155, மேற்குக்கு 1.156. கிழக்கும் மேற்கும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் காலை வெயில் விழும் அறையில் அந்நேரம் யாரும் உறங்குவதில்லை. மேற்குச் சுவர் மாலையில் வாங்கியதை நாம் படுக்கும் நேரத்தில் கொடுக்கும்.

சுவருக்கும் ஜன்னலுக்கும் சேர்த்துச் சொன்ன 15, ஒரு சதுர மீட்டர் வழியே உள்ளே வரும் வெப்பத்துக்கான உச்சவரம்பு. அதன் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது. இருபக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 பங்கு வெப்பத்தை உள்ளே விடுகிறது. நிழலில்லாத சாதாரணக் கண்ணாடி அதே பரப்பில் 60 பங்கு விடுகிறது. ஆறு மடங்கு! செங்கல் சுவர் தேர்வில் பாஸ் ஆகிறது. நிழலில்லாத கண்ணாடிதான் ஃபெயில் ஆக்குகிறது. முகப்பு அழகுக்காக மேற்கே பார்த்த ஹாலில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைக்கச் சொன்னால், வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஜன்னல் வைத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கு மேலே நீண்ட சன்ஷேடு கட்டுங்கள். மாலைச் சூரியன் தாழ்ந்து வருவதால் மேற்கில் சன்ஷேடு மட்டும் போதாது. பக்கத்தில் தடுப்போ, வெளிப்புறம் மூங்கில் தட்டியோ, ஒரு வேப்பமரமோ வேண்டும். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுப்பதுதான் பலன். உள்ளே திரை போட்டால் வெளிச்சம் நிற்கும். வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது.

மாடி எடுக்கும்போது மாடிப்படி, குளியலறை, சாமான் அறை இவற்றை மேற்கே தள்ளிவிட்டால், படுக்கையறைக்கும் வெயிலுக்கும் நடுவில் அவை காவல் நிற்கும். இடம் மிச்சம் பிடிக்க மாடியில் நாலரை அங்குலச் சுவர் வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. அது ஒன்பது அங்குலச் சுவரைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் வெப்பத்தைக் கடத்தும். வெளிச்சுவருக்கு, அதிலும் மேற்குக்கு, ஆகவே ஆகாது. எட்டு அங்குல ஏஏசி பிளாக்கோ செங்கல் சுவரில் பாதியைக்கூடக் கடத்தாது. எடையும் குறைவு என்பதால் பழைய அஸ்திவாரத்துக்குச் சுமையும் குறையும்.

காற்றுக்கு வழி

நம் கடற்கரையில் வெயிலைவிட உடம்பைப் படுத்துவது புழுக்கம். வியர்வை காய காற்று ஓட வேண்டும். அதனால்தான் வறண்ட பகுதிக்குப் பத்தில் ஒன்று போதும் என்கிற விதி, நமக்கு ஆறில் ஒன்று கேட்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் 120 சதுர அடி; திறக்கும் பரப்பு 20 சதுர அடி வேண்டும்.

‘திறக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நான்குக்கு நான்கு அடி ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவு எப்போதும் இன்னொன்றின் பின்னால்தான் நிற்கும். காற்றுக்குக் கிடைப்பது 8 சதுர அடி. இப்படி இரண்டு ஜன்னல் வைத்தாலும் 16-தான். அதே அளவில் பழைய மாதிரிக் கதவு போட்ட ஜன்னல் வைத்தால், சட்டம் போக ஒவ்வொன்றும் 14 சதுர அடிக்கு மேல் திறக்கும். மர ஜன்னலை மாற்றும்போது இந்த ஒன்றை மறந்ததால் புழுங்கிப்போன அறைகள் ஏராளம். யூபிவிசியிலும் கதவு மாதிரித் திறப்பவை கிடைக்கின்றன. கடலோரத்தில் உப்பு அரிக்காது என்பதால் அவை நல்லவையே.

இரண்டு ஜன்னலும் ஒரே சுவரில் இருந்தால் பயனில்லை. கடற்காற்று நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். அந்தப் பக்கம் ஒன்று திறந்து, எதிர்ப்பக்கம் வெளியேற ஒன்று இருக்க வேண்டும். பின்பக்கம் புது அறை சேர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, பழைய அறையின் ஒரே பின் ஜன்னலைப் புது அறைக்குள் அடைத்துவிடுவது. புது அறைக்குக் காற்று வருகிறதா என்று பார்க்கிற கண், பழைய அறைக்கு நின்றுபோயிற்றா என்றும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் எண்ணில்லாமலே அறிந்திருந்தவர்கள் நம் பாட்டன்மார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், லாரி பேக்கரின் வடிவமைப்பில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து அங்கே மறுபடியும் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு வெயில் நாளில் போய்த் திண்ணையில் சற்று நேரம் உட்காருங்கள். திண்ணை சுவருக்கு நிழல். முற்றம் வெக்கை வெளியேறும் வழி. ஓட்டுக்கு நடுவில் காற்று. மாடி எடுப்பவர் படிக்க வேண்டிய பாடம் அங்கே நின்றுகொண்டிருக்கிறது.

கடைசியில்தான் மின்சாரம்

வெயிலை நிறுத்தி, காற்றை விட்ட பிறகு மின்கருவிக்கு வாருங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறி சுமார் 30. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மூன்று விசிறியில் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 97 யூனிட் மிச்சம். அரசு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டுக்குச் சமமான இன்னொரு பங்கு இது. 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் மலிவுக் கட்டணம் போய்விடும் என்பதால், எல்லையில் நிற்கும் குடும்பத்துக்கு இது பெரிய காரியம். ஏசி தேவையென்றால் தளம் சரியான பிறகு வாங்குங்கள். சிறிய ஏசியே போதுமானதாகலாம். 2020 முதல் வரும் புது ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்கும்; விசிறியையும் சேர்த்துப் போட்டால் அதற்குக் கீழே இறக்கத் தேவை இராது.

கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம், அதிகபட்சம் 78,000. தகடுகள் தளத்துக்கு நிழலும் தரும். இன்னும் ஒரு மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் தகடு பிறகு. கடலோரத்தில் தகட்டைத் தாங்கும் சட்டத்துக்குத் துருப்பிடிக்காத போல்ட்டும், துத்தநாகத்தில் தோய்த்த இரும்பும் கேட்டு வாங்குங்கள்.

வரிசை இதுதான்: தளம், மேற்குச் சுவர், ஜன்னல், விசிறி, அதன்பின் ஏசியும் சூரியத் தகடும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஏசியை முதலில் மாட்டிவிட்டு, அது குளிர்விக்கும் காற்றைக் கொதிக்கும் தளத்துக்குக் காணிக்கை வைக்கிறோம்.

நம் மாநிலம் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 100 கிலோவாட் எல்லையைக் குறைத்து, சாதாரண வீட்டின் மாடிக்கும் கூரை அளவைக் கட்டாயமாக்கும் நாள் வர வேண்டும். கட்டுவது ஒருமுறை, அதில் வேகுவது ஒரு தலைமுறை. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்கும் முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவீர்கள் அல்லவா, கம்பி எத்தனை எம்எம், சிமென்ட் எந்தக் கம்பெனி என்று? அதே தாளில் இன்னும் மூன்று வரி சேருங்கள். தளத்தின் மேல் பலகை எத்தனை எம்எம். மேற்கு ஜன்னலுக்கு நிழல் எத்தனை அடி. ஒவ்வோர் அறையிலும் திறக்கும் ஜன்னல் எத்தனை சதுர அடி. அடுத்த சித்திரையில் இரவு ஒன்பது மணிக்கு அந்த மூன்று வரியின் அருமை உங்கள் வீட்டுக் குழந்தைக்கே தெரிந்துவிடும்.